மார்பிலே கட்டி! கழுத்திலே தாயத்து!

நம் வட்டாரத்தில் தறி நெய்து பிழைக்கும் ஒரு குடும்பத்தில் சென்ற தை மாதம் ஒரு சகோதரி இறந்து போனார். வயது 38. இரண்டு பிள்ளைகள். துக்கம் விசாரிக்க நாமும் போயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டாக, “அவள் தலையெழுத்து அவ்வளவுதான், விதி முடிந்தது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது என்ன விதி என்று நாம் மெதுவாய் விசாரித்தபோது வெளிவந்த சங்கதி இதுதான்.

இடது மார்பில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. வலி கிடையாது. வலியில்லாததால் அந்தச் சகோதரி யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து மாமியாரிடம் சொன்னார். மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். அதற்கப்புறம் ஒரு சாமியாடி வந்து வேப்பிலை அடித்தான். அதற்கப்புறம் ஒரு சோதிடன் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுச் சனி சரியில்லை என்று சொல்லி, பரிகாரத்திற்கு ஒரு பட்டியல் எழுதிக்கொடுத்தான். கடைசியாகக் கழுத்தில் ஒரு தாயத்து ஏறிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, கட்டி தோன்றி 11 மாதம் ஆகியிருந்தது. கட்டி தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அக்குளில் நெறி கட்டிவிட்டது. நோய் நுரையீரல் மட்டும் போய்விட்டது.

விதி முடிந்துவிட்டதாம்! தோழர்களே, விதி முடியவில்லை. விசாரணையே தொடங்கவில்லை என்றுதான் நாம் சொல்லுவோம்.

அதே தெருவில் மற்றொரு அம்மையார் இருக்கிறார். அவருக்கும் மார்பில் கட்டி. புற்றுநோயாக இருந்துவிடுமோ என்று பயந்து இரண்டு வருடம் அதை ஒளித்து வைத்திருந்தார். சோறு இறங்காது, இரவில் தூக்கம் வராது, தமக்குப் பின்னால் பெண்ணை யார் கரையேற்றுவார்கள் என்று தனியாய் உட்கார்ந்து அழுவார். இந்தச் சாவைப் பார்த்த பிறகு, பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள்தான் பிடிவாதம் பிடித்துத் தாயாரை ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேன் பார்த்தார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே இருந்தது வெறும் நீர்க்கட்டி. டாக்டரம்மா ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, “பயமில்லை, ஆறு மாதம் கழித்து ஒரு தரம் வந்து காட்டிவிட்டுப் போங்கள்” என்று அனுப்பிவிட்டார். இரண்டு வருட நரகம் கால் மணி நேரத்தில் தீர்ந்தது.

ஒருவர் தெரிந்துகொள்ளாமல் செத்தார். மற்றவர் தெரிந்துகொள்ளாமல் தினம் தினம் செத்துப் பிழைத்தார். இரண்டு பேரையும் வதைத்தது கட்டி மாத்திரமல்ல. கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருந்ததே பெரிய வியாதி.

நிற்க. ஸ்கேன் என்றவுடன் ஏதோ மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள், உடம்பைச் சுடுகிறார்கள் என்று நம் கிராமத்துத் தாய்மார்கள் பயப்படுகிறார்கள். ஆகையால் அது இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். சந்தையில் பானை வாங்குகிற அம்மாள் என்ன செய்கிறாள்? விரலால் தட்டிப் பார்க்கிறாள். நல்ல பானை ஒரு மாதிரி சத்தம் கொடுக்கிறது. விரிசல் பானை வேறு மாதிரி கொடுக்கிறது. உடைத்துப் பார்க்காமலே உள்விவரம் தெரிந்துவிடுகிறது. இந்த ஸ்கேனும் தட்டிப் பார்க்கிற காரியம்தான். தட்டுவது மட்டும் விரலல்ல, ஒலி.

நம் காது ஒரு விநாடிக்கு 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். அதற்கு மேற்பட்டதை மீயொலி என்கிறார்கள். டாக்டர் கையில் வைத்திருக்கும் சிறிய கருவி விநாடிக்கு 20 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வு வரை உண்டாக்குகிறது. மேலாக இருக்கும் மார்புக் கட்டி, கழுத்துக் கட்டி முதலியவற்றுக்கு அதிகமான அதிர்வு. வயிற்றில் ஆழமாக இருப்பதற்குக் குறைந்த அதிர்வு. இந்த ஒலி மெல்லிய சதைக்குள் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒருவித சதை முடிந்து வேறுவித சதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒலியில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து திரும்பி வர, ஒரு விநாடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் அதில் 13 கூறு ஆகிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு ஆழத்தில் என்ன இருக்கிறது என்று இயந்திரம் படம் போட்டுக் காட்டுகிறது. தோலின்மேல் தடவும் ஜெல்லி மருந்தல்ல. நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அந்தக் காற்றை விலக்கவே ஜெல்லி. இதில் எக்ஸ்ரேக் கதிர் இல்லை, கத்தியில்லை, வலியில்லை. கர்ப்ப ஸ்திரீகளுக்கே தாராளமாய் இதைத்தான் செய்கிறார்கள்.

நீர்க்கட்டியாய் இருந்தால் உள்ளேயிருந்து எதிரொலி வராது. படத்தில் அது கருப்பு வட்டமாய்த் தெரியும். அதன் பின்புறம் வெளிச்சமாய் இருக்கும். சதைக்கட்டியாய் இருந்தால் உள்ளேயிருந்தும் எதிரொலி வரும். ஓரம் வழவழப்பாய், முட்டை வடிவாய், தோலுக்கு இணையாகப் படுத்த நிலையில் இருந்தால் அது பெரும்பாலும் கெடுதலில்லாத கட்டி. ஓரம் முள் முள்ளாய், படுக்காமல் நிமிர்ந்து நின்று, பின்னால் நிழல் விழுந்தால் அது சந்தேகத்துக்குரியது. உடனே அடுத்த சோதனைக்குப் போகவேண்டும். இவ்வளவுதான் அதன் ரகசியம். எந்த மந்திரவாதியாவது தன் மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று இப்படி ஊரறிய விளக்கிச் சொன்னது உண்டா என்று கேட்கிறோம்.

இந்த வித்தை எந்த ரிஷிக்காவது ஞான திருஷ்டியில் தோன்றியதா? “எல்லாம் நம் முன்னோர்கள் கண்டதுதான், ஓங்கார நாதத்தில் மீயொலி அடங்கியிருக்கிறது” என்று கதை பேசுகிற பேர்வழிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஓங்காரத்தில் அது அடங்கியிருந்தது வாஸ்தவமானால், இத்தனை ஆயிரம் வருடமாய் ஒரே ஒரு பெண்ணின் கட்டியையாவது ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? அயலான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த பிறகு அதற்குத் தகப்பன் நான்தான் என்று வருகிறவனை என்னவென்று சொல்லுவது?

வந்த வழியைக் கேளுங்கள். இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்று ஒருவர். அவர் ஒரு பாதிரியார்! வௌவால் இருட்டில் எப்படி மோதாமல் பறக்கிறது என்று அறிய அவர் வேதப் புத்தகத்தைப் புரட்டவில்லை. வௌவாலையே பிடித்துப் பார்த்தார். கண்ணை மறைத்தாலும் அது தடுமாறவில்லை, காதை அடைத்தால் தடுமாறுகிறது என்பது 1790-களில் செய்த சோதனைகளில் தெரிந்தது. காரணம் அப்போது விளங்கவில்லை. 1938-ல் அமெரிக்காவில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர் வந்துதான், வௌவால் நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்புகிறது என்று கருவி வைத்துக் காட்டினார். பாரிசில் 1880-ல் கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாவதைக் கண்டார்கள். 1912-ல் டைட்டானிக் கப்பல் பனிக்கட்டி மலையில் மோதி 1,500 பேர் வரையில் மாண்டார்கள். பிறகு முதல் மகாயுத்தம் வந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி லாஞ்செவின் அந்தப் படிகத்தைக்கொண்டே கடலுக்கடியில் ஒலியை அனுப்பி நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் வழியை உண்டாக்கினார். வௌவாலில் தொடங்கிக் கப்பல் வழியாக மனித உடம்புக்கு வந்த வித்தை இது.

இதில் ஒரு தோல்வியும் உண்டு. அதையும் நாம் மறைக்கப்போவதில்லை. 1942-ல் வியன்னாவில் கார்ல் டுசிக் என்ற டாக்டர், மண்டைக்குள் ஒலியைச் செலுத்தி மூளைக் கட்டியைப் படம் பிடிக்கலாம் என்று வெளியிட்டார். 1950-களின் தொடக்கத்தில் மற்றவர்கள் அதைத் திரும்பச் சோதித்தார்கள். படத்தில் தெரிந்தது மூளையல்ல, மண்டையெலும்பு செய்த மாயம் என்று கண்டார்கள். உடனே அந்த முறையைக் கைவிட்டார்கள். அதற்காக யாரும் யாரையும் நாஸ்திகன் என்று தூற்றவில்லை. பஞ்சாங்கக்காரர்களைக் கேட்கிறோம்: உங்கள் பஞ்சாங்கத்தில் பலித்தது இது, பலிக்காதது இது என்று என்றைக்காவது சோதித்து ஒரு பக்கத்தையாவது கிழித்தது உண்டா? தன் தவறைத் தானே கிழித்தெறிகிற யோக்கியதை எதற்கு இருக்கிறதோ அதை நம்பலாம்; மற்றதை நம்பக்கூடாது.

பிறகு அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் ஜான் வைல்ட் என்ற சர்ஜனும் ஜான் ரீட் என்ற இஞ்சினியரும் சேர்ந்து, 1950-களின் ஆரம்பத்தில் உயிரோடிருக்கும் பெண்களின் மார்புக் கட்டியை எதிரொலி மூலம் ஆராய்ந்து 1952-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண்ணின் மார்பில் இருக்கும் கட்டி உலகத்தில் இந்த வித்தைக்கு முதல் முதல் அகப்பட்ட விஷயங்களில் ஒன்று. அதாவது 70 வருடத்துக்கு மேலாயிற்று. நம் தெருவுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை!

அடுத்து ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரம். அங்கே இயான் டொனால்ட் என்ற பிரசவ வைத்தியப் பேராசிரியர். யுத்தத்தின்போது ஆகாயப் படையில் இருந்து ரேடார் முதலிய கருவிகளைப் பழகியவர். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ரென்ஃப்ரூ என்ற ஊரில் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில், இரும்புத் தகட்டின் உள்விரிசலை ஒலியால் கண்டுபிடிக்கும் கருவி இருந்தது. இரும்பின் நோயைக் காட்டுவது சதையின் நோயைக் காட்டாதா என்று அவருக்குத் தோன்றிற்று. 1955-ம் வருடம் ஜூலை மாதத்தில், அறுவையில் எடுத்த சதைக்கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் கார்களின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு நேரே அந்தத் தொழிற்சாலைக்குப் போனார். கட்டி அல்லாத சதை எப்படித் தெரிகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்கள். நீர்க்கட்டி ஒரு மாதிரியும் சதைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. டாம் பிரவுன் என்ற வாலிப இஞ்சினியர் கூடச் சேர்ந்துகொண்டார். தீண்டத்தகாத இறைச்சி, தீட்டுப்பட்ட சதை என்று அந்தப் பேராசிரியர் ஒதுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாசகர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

அந்தக் காலத்தில் அவரிடம் ஒரு பெண்மணி வந்தார். வயிறு வீங்கி, உடம்பு உருகிப்போயிருந்தது. வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது, அறுத்தும் பிரயோஜனமில்லை என்று கைதேர்ந்த டாக்டர்களே முடிவு கட்டியிருந்தார்கள். டொனால்ட் அந்த வயிற்றின்மேல் கருவியை வைத்துப் பார்த்தார். எதிரொலியைப் பார்த்தால் அது முற்றிய புற்றுநோயாகத் தெரியவில்லை. பிரம்மாண்டமான நீர்க்கட்டியாகத் தெரிந்தது. அறுத்தார்கள். கருப்பையின் பக்கத்துச் சூலகத்தில் வளர்ந்த பெரிய நீர்க்கட்டி! அதை எடுத்துப் போட்டார்கள்; சாவுக்கு நாள் குறித்த பெண்மணி பிழைத்தார். 1958-ம் வருடம் ஜூன் மாதம் 7-ந் தேதி ‘லான்செட்’ என்ற வைத்தியப் பத்திரிகையில் டொனால்ட், மக்விக்கார், பிரவுன் ஆகிய மூவரும் இந்த வேலையை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு இதைப் பரிகாசம் செய்தவர்கள் பலர். அதற்குப் பின்பு உலகமே எடுத்துக்கொண்டது.

ஒரு விஷயம். டொனால்ட் நாஸ்திகரல்ல, கிறிஸ்து மதத்தில் அழுத்தமான பக்தியுள்ளவர். ஆனால் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஆண்டவனைக் கேட்காமல் எதிரொலியைத்தான் கேட்டார். நம் பக்தர்களை நாம் கடவுளை விடு என்று இந்த இடத்தில் கேட்கவில்லை. அவரைப்போல் கட்டி விஷயத்தில் மாத்திரமாவது கருவியைக் கேளுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இனி நம்மவர்கள் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம்.

“வலியில்லையே, அதனால் ஒன்றுமில்லை” என்கிறார்கள். இதைப்போல் ஆளைக் கொல்லும் வார்த்தை வேறில்லை. மார்புப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதேயில்லை. வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்டவேண்டும்.

“ஊசி பட்டால், கத்தி பட்டால் கட்டி பரவிவிடும்” என்கிறார்கள். கட்டி முற்றிப்போய், பரவிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவது. வந்த பிறகு ஊசியின்மேல் பழியைப் போடுவது! மார்புக் கட்டியில் ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதித்ததால் ஆயுள் குறைந்ததாக ஆராய்ச்சியில் காணவில்லை. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சந்தேகமான இடத்தில் சரியாய் ஊசியைச் செலுத்துகிறார்கள். தொடை, கை முதலிய இடத்தில் ஆழமாய் இருக்கும் கட்டியை மட்டும் கண்ட இடத்தில் கீறிக்கொள்ளக் கூடாது. எங்கே ஊசி போடுவது என்பதை அறுவை செய்யப்போகும் டாக்டரே தீர்மானிக்கவேண்டும்.

“கத்தியின்றி, ரத்தமின்றிக் கட்டியைக் கரைத்துத் தருகிறோம்” என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். கரைக்கப்போவது எந்தக் கட்டியை என்று அவர்களுக்குத் தெரியுமா? மருந்து கொடுக்குமுன் ஒரு ஸ்கேன், கொடுத்த பின் ஒரு ஸ்கேன் எடுத்து அருகருகே வைத்துக் காட்டட்டும். காட்டமாட்டார்கள். அவர்கள் கரைப்பதெல்லாம் ஏழைகளின் நகையைத்தான்.

“வேற்று ஆணிடம் மார்பைக் காட்டுவதா?” என்கிறார்கள். இது பெண்கள் சொல்லும் வார்த்தையா, ஆண்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தையா? பெண்ணின் உடம்பு அவளுக்குச் சொந்தமில்லை, புருஷன் வீட்டுச் சொத்து என்று பழக்கிவிட்டதன் பலன் இது. அவள் தன் கட்டியைச் சொல்ல மாமியார் உத்தரவு, ஆஸ்பத்திரிக்குப் போகப் புருஷன் உத்தரவு, பணத்துக்கு மாமனார் உத்தரவு! அக்குளில் நெறி கட்டும்வரை உத்தரவு வருவதில்லை. இன்றைக்குப் பெண் டாக்டர்கள் ஏராளம். ஆண் டாக்டர் பார்த்தால் பெண் துணை ஒருவரை உடன் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். பிணத்தைக் குளிப்பாட்ட நாலு பேர் கூடும்போது போகாத மானமா, ஜெல்லி தடவும்போது போய்விடும்?

இப்போது சொல்லப்போவதைத்தான் நாம் மிகவும் வெட்கத்தோடு எழுதுகிறோம். ஸ்கேனைப் பற்றி நம் ஜனங்களுக்குத் தெரியாது என்பது பொய். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்க அது வந்த நாளிலேயே தெரிந்துகொண்டார்கள்! பெண்ணென்றால் கருவிலேயே அழித்தார்கள். இந்த அக்கிரமத்தைத் தடுக்க 1994-ல் தனிச் சட்டம் செய்து 1996 முதல் அமலுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கருவின் பாலைச் சொல்வது குற்றம் என்று ஒவ்வொரு ஸ்கேன் நிலையத்து வாசலிலும் பலகை தொங்குகிறது. அந்தப் பலகை நம் சமூகத்தின் நெற்றியில் ஒட்டிய சீட்டு. பிறக்கப்போகும் பெண்ணைக் கொல்லக் கடன் வாங்கியாவது திருட்டு ஸ்கேனைத் தேடி ஓடினவன், பெற்ற தாயின் மார்புக் கட்டிக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்கப் பணமில்லை, நேரமில்லை என்கிறான். பெண்ணை ஒழிக்க விஞ்ஞானம். பெண்ணைக் காப்பாற்றத் தாயத்து! இதைவிடக் கேவலம் வேறு உண்டா?

ஆனாலும் இயந்திரத்தை அடித்துத் தள்ளிவிட்டு அதற்குக் கோயில் கட்டச் சொல்லவும் நாம் வரவில்லை. ஆயுத பூசையன்று ஸ்கேன் இயந்திரத்துக்கே சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைக்கிற நிலையங்களை நாம் பார்த்திருக்கிறோம். உள்ளே இருப்பதைப் பார்க்கிற கருவிக்கே திருஷ்டி கழிக்கிற தேசம் இது! கருவி கடவுளல்ல. எலும்புக்கு அப்பால் அதனால் பார்க்க முடியாது. காற்று நிறைந்த நுரையீரலுக்குள்ளும் குடலுக்குள்ளும் அதற்குச் சரியாய்த் தெரியாது. மார்புப் புற்றின் முதல் அடையாளமாய்ச் சில சமயம் தோன்றும் பொடி போன்ற சுண்ணாம்புத் துகள்களை மாமோகிராம் என்ற எக்ஸ்ரேப் படமே நன்றாய்க் காட்டும், ஸ்கேன் தவறவிடக்கூடும். இளம் பெண்களின் இறுக்கமான மார்பில் ஸ்கேன் நன்றாய்க் காட்டும்; மாமோகிராம் தடுமாறும். பார்க்கும் டாக்டரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தது. ஸ்கேன் சந்தேகப்பட்டுச் சொல்லும். துணுக்கு எடுத்து நுண்கண்ணாடியில் பார்த்துத்தான் புற்றுநோய் என்று தீர்ப்புச் சொல்ல முடியும். ஆகையால் ரிப்போர்ட்டைப் பூசையறையில் வைக்காமல் டாக்டரிடம் காட்டி, இது என்ன, அடுத்து என்ன என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதில் சொல்லுவது அவர் கடமை.

ஆகவே தோழர்களே, இன்று நாம் கேட்டுக்கொள்வது மிகச் சிறிய காரியம். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் மார்புப் புற்றுநோய்க்குத்தான். பெண்களுக்கு மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதும் வாஸ்தவமே. எது எந்த வகை என்பது தொட்டுப் பார்த்தோ, ஜாதகம் பார்த்தோ தெரியாது. ஆகையால் இன்றிரவு உங்கள் வீட்டில் தாயார், மனைவி, சகோதரி ஆகியவர்களிடம் வெட்கத்தை விட்டுக் கேளுங்கள்: உடம்பில் புதிதாய்க் கட்டி ஏதாவது உண்டா? மார்பில் தோல் குழிந்திருக்கிறதா? காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா? ரத்தம் கசிகிறதா? ஆண்களே, உங்கள் தொடையிலோ முதுகிலோ வளர்ந்துகொண்டே போகிற கட்டி, பெரிய எலுமிச்சம்பழ அளவுக்கு, அதாவது 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி உண்டா? இருந்தால் நாள் பார்க்காமல், நட்சத்திரம் பார்க்காமல், வருகிற திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராகுகாலத்திலும் ஸ்கேன் வேலை செய்யும்!

உண்டியலில் போட வெள்ளித் தகட்டு உருவம் வாங்குகிற காசை பஸ் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் இப்போது பாட்டியிடம் வளர்கின்றன. தாயாரின் தாயத்தை எரிக்கும்போது எடுத்து வைத்திருந்தார்களாம். சின்னப் பெண்ணின் கழுத்தில் அதைக் கட்டியிருக்கிறார்கள். அதை அறுத்தெறிய வேண்டியது யார் வேலை என்று வாசகர்களே சொல்லட்டும்.